அப்பா செய்த இரண்டு ஸ்பீக்கர்கள்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் நடப்பதற்கு இடமில்லாமல் போனது. ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டாலே நிறைந்துவிடும் முன்னறையில் அப்பா இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்திருந்தார். ஒவ்வொன்றும் என் தோள் உயரம் இருக்கும். கடையில் கிடைப்பதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கடையில் கிடைப்பது ஸ்பீக்கரே இல்லை, டப்பா என்பது அப்பாவின் கருத்து.

பெட்டிக்கான பலகை ஒரகடம் சாலையோரத்துப் பழைய மரக்கடையில் வாங்கியது. கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்திறங்கும் பெட்டிகளை உடைத்து அங்கே எடைபோட்டு விற்பார்கள். நல்ல தடித்த பிளைவுட். அதனால் எங்கள் ஸ்பீக்கர்களில் ஒன்றின் விலாவில் விரித்த குடைப் படம் இருந்தது. இன்னொன்றில் எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ எச்சரிக்கை இருந்தது. பெயிண்டாவது அடிக்கச் சொல்லி அம்மா கெஞ்சினாள். சத்தத்துக்கு எதற்குப் பெயிண்ட் என்று அப்பா கேட்டுவிட்டார்.

அப்பாவுக்குக் கார்களின் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஷாப் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான், அப்போதிருந்தே கான்ட்ராக்டில்தான். ஒரு வீட்டளவு மெஷின் மேலிருந்து இறங்கித் தகட்டின்மேல் விழும். எடுத்தால் அது கதவாகியிருக்கும். இப்படி வரிசையாகப் பல மெஷின்கள், நாள் முழுக்க. அதனால் பிரஸ் ஷாப்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. அவர்கள் நாலைந்து பேர் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் நின்று குசலம் விசாரித்தால், பஸ்ஸில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்துத் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். அப்பா வீட்டில் தண்ணீர் கேட்டால் தெருக்கோடியில் இருக்கும் பெரியம்மா செம்போடு வந்துவிடுவாள் என்று அம்மா சொல்வாள்.

ஸ்பீக்கர் ஆசை அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. சென்னையில் ஏதோ ஒரு பெரிய கடையில், கண்ணாடி அறைக்குள் வைத்திருந்த வெளிநாட்டு ஸ்பீக்கரில் ஒரு பழைய சினிமாப் பாட்டைக் கேட்டிருக்கிறார். அந்தப் பாட்டின் நடுவில் சலங்கை வரும். இடது காதின் ஓரத்தில் தொடங்கி, முகத்துக்கு முன்னால் மெல்ல நடந்து, வலது காதைத் தாண்டிப் போய்விடுமாம். அதைச் சொல்லும்போது அவர் விரல்களால் காற்றில் நடந்து காட்டுவார். "ஆளே இல்ல. ஆனா ஒருத்தி நடந்து போறா. கொலுசு தரையில படற மண்ணுகூடக் கேக்குது" என்பார். கடைக்காரர் வெளியே போகச் சொல்லும்வரை அங்கேயே நின்றிருக்கிறார்.

அந்தச் சலங்கைதான் அவருக்கு வேண்டியிருந்தது.

சாமான்களை வாங்கி வந்தது மாமா, அம்மாவின் தம்பி. கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், சென்னைக்குப் போகும்போதெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குள் நுழைந்து அப்பா போனில் அனுப்பும் படத்தைக் காட்டி வாங்கி வருவார். ஊஃபர் என்ற பெரிய கூம்பு தாழ்ந்த ஒலிகளுக்கு. ட்வீட்டர் என்ற சின்னது, ஒரு பவுடர் டப்பா மூடி அளவு, உயர்ந்த ஒலிகளுக்கு. சலங்கை, ஜால்ரா, பாடுகிறவர் சொல்லும் 'ச', 'ஸ' எல்லாம் அந்தச் சின்னதிலிருந்துதான் வரவேண்டும். எந்த ஒலி எதற்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்ப நடுவில் ஒரு சிறிய பலகை உண்டு. அதைச் செய்தது அம்மா. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனைக் குறைத்து அவளை வீட்டுக்கு அனுப்பும்வரை பல வருடம் சால்டரிங் பார்த்தவள். அப்பா பற்றவைத்தால் ஈயம் எறும்புப் புற்று மாதிரி நிற்கும். அம்மா பற்றவைத்தால் பனித்துளி. செப்புக் கம்பியைப் பிளம்பிங் பைப்புத் துண்டில் சுற்றி அந்தப் பலகைக்கான காயிலை அப்பா செய்வார். கம்பி சிக்காமல் ரீலைப் பிடிப்பது என் வேலை.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே வேலை இருந்தது அந்த மாதங்களில்தான். அதனால் அதை நல்ல காலம் என்றே சொல்லவேண்டும்.

முதலில் தாழ்ந்த ஒலியைச் சரிசெய்தார். பெட்டியின் பின்னால் காற்று வெளியேற ஒரு பைப்பு வைத்திருந்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சா பிளேடால் அறுத்து அறுத்துப் பாட்டைப் போடுவார். மூக்கடைத்தவன் பாடுவதுபோல் இருந்த சத்தம் ஒருநாள் திடீரென்று திறந்துகொண்டது. மிருதங்கம் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அலமாரித் தட்டுகள் எல்லாம் அதிர்ந்து, அம்மா ஓடிப்போய்த் தட்டுகளுக்கு இடையில் துணி வைத்தாள். அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்துப் போர்ஷனில் வாடகைக்கு இருந்த ஒடிசாப் பையன்கள்கூட வாசலில் வந்து நின்று கேட்டார்கள்.

அடுத்தது சலங்கை.

இரண்டு பெட்டிகளுக்கும் நேர் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அப்பா உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது. நான் கட்டிலில் இருந்தேன். சலங்கை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வர்ல" என்றார் அப்பா.

"வருதுப்பா."

"நீ கேட்டதே இல்ல, பாப்பா. உனுக்கு இன்னா தெரியும். இது செத்த சலங்க."

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பலகையைக் கழற்றினார்கள். ட்வீட்டருக்குப் போகும் ஒலியைக் குறைத்து வைக்கும் சின்னப் பொருள் ஒன்று அதில் இருந்தது. அதை மாற்றினார்கள். இன்னும் மாற்றினார்கள். கடைசியில் அதையே எடுத்துவிட்டார்கள். ட்வீட்டரை மாற்றி வேறு ஜோடி வாங்கி வரச் சொன்னார் அப்பா. பிறகு, பெட்டிக்கு ஒன்றாக இருந்த ட்வீட்டரை இரண்டாக்கினார். ஒவ்வொரு முறையும் பாட்டு கொஞ்சம் கூர்மையானது. பாடகி 'ச' என்றால் தகரத்தில் ஆணியால் கீறியதுபோல் இருந்தது. சலங்கை வந்தால் எனக்குப் பல் கூசும். அம்மா அடுப்படியில் இருந்தபடியே கண்ணை மூடிக்கொள்வாள்.

"காது கூசுதுங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

"உனுக்குப் பழக்கம் இல்ல. டப்பா டிவி கேட்டுக் கேட்டு இருக்கிற காது" என்றார் அப்பா. பிறகு நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, "இப்பதான் லேசா வருது. தூரத்துல வருது" என்றார்.

வடக்குப்பட்டில் எங்கள் ஜெபக்கூடம் சின்னது. அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு அப்பா தம் ஸ்பீக்கர்களைக் காணிக்கையாகக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். வயல் எல்லாம் கம்பெனியாகிவிட்ட ஊரில் அறுப்பின் பண்டிகை கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயையும் கரும்பையும் பீடத்தின் முன் வைத்து நன்றி சொல்வோம். கம்பெனி கொடுத்த தீபாவளிப் பரிசுப் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவந்து வைப்பவர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால், அந்தக் காலையில் ஒருவர் தம் கையால் விளைவித்துக் கொண்டுவந்தது அந்த இரண்டு பெட்டிகள்தான். மாமா ஒரு குட்டி யானை வண்டி பிடித்து வந்தார். பண்டிகை என்பதால் அம்மாவே குடைப் படத்தின்மேல் வெள்ளைத்துணி ஒட்டினாள்.

ஆராதனை தொடங்கியது. போதகர் மைக்கில் "ஸ்தோத்திரம்" என்றார்.

அந்த 'ஸ்' கூடத்தின் இரு பக்கமிருந்தும் கிளம்பி நடுவில் வந்து மோதியது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அதைப் பார்த்து இன்னொன்று. போதகர் ஒரு கணம் நிறுத்தி, மைக்கைத் தள்ளி வைத்து, மெதுவாகப் பேசிப் பார்த்தார். மெதுவாகப் பேசினால் 'ஸ்' மட்டும்தான் கேட்டது. பிறகு வாலிபர் கூட்டத்தார் டாம்பரின் தட்டிப் பாட எழுந்தார்கள். சில்லுகள் குலுங்கியதும் பெண்கள் வரிசையில் முந்தானைகள் காதுகளுக்குப் போயின. என் கூடப் படிக்கும் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பைபிளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அப்பா ஆண்கள் வரிசையின் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. கையைத் தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பேரும் முகத்தைச் சுளிக்கும் இடத்தில் அவர் மட்டும் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன்.

பாட்டு முடியும் முன்பே கமிட்டியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கிவிட்டார். பழைய ஸ்பீக்கரைத் தூசி தட்டி எடுத்து வந்தார்கள். ஆராதனை முடிந்ததும் போதகர் அப்பாவின் தோளில் கைவைத்து, தன்மையாகத்தான் சொன்னார். சத்தம் கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது, வயசானவர்களுக்குத் தாங்கவில்லை, வீட்டிலேயே வைத்துக்கொண்டால் நல்லது என்றார். அப்பா தலையாட்டினார். வண்டியில் பெட்டிகளோடு பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.  இறக்கி வைத்தபோது மாமாவிடம், "அவுங்க ஆம்ப்ளிஃபயர் மட்டம்டா" என்றார். மாமா, "ஆமா மாமா" என்றார். அம்மா வெள்ளைத்துணியைக் கிழித்தெடுத்தாள். கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வராமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அப்பா அந்தப் பெட்டிகளைத் தொடவில்லை. அம்மா அவற்றின்மேல் துவைத்த துணிகளை மடித்து வைத்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பெரியம்மா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். அப்பாவுக்குக் காலில் லேசாக அடிபட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். மறுநாள்தான் பார்த்தேன். வலது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டுப் போட்ட கால் குட்டையாக, வேறு யாருடையதோ மாதிரி தலையணைமேல் இருந்தது.

நடந்ததை நான் பிறகு பலரிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். அடித்த தகடுகளை அடுக்கிய பெரிய இரும்புக் கூடையோடு, சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று பின்னால் வந்திருக்கிறது. அப்பா மெஷினைப் பார்த்து நின்றிருக்கிறார். ரிவர்ஸில் வரும்போது அந்த வண்டி 'கீ, கீ' என்று விடாமல் பஸ்ஸர் அடிக்கும். அடித்தால் யாராக இருந்தாலும் விலகிவிடுவார்கள். அப்பா விலகவில்லை. சக்கரம் பாதத்தின்மேல் ஏறிய பிறகே திரும்பியிருக்கிறார்.

கம்பெனியிலிருந்து சேஃப்டி ஆபீசர் வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். பஸ்ஸர் அடித்ததா என்று கேட்டார்.

"அடிக்கல சார்" என்றார் அப்பா. "அடிச்சிருந்தா நான் நவுந்திருக்க மாட்டேனா?"

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. வண்டிய செக் பண்ணோம். பஸ்ஸர் வேலை செய்யுது."

"அப்ப ஆஃப் பண்ணி வெச்சிருப்பான் சார். பசங்க பண்ணுவானுங்க. காதுல கத்துதுன்னு ஆஃப் பண்ணிடுவானுங்க."

அவர் எழுதிக்கொண்டு போனார். அப்பா பொய் சொல்லவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் மறுநாள் வந்தான். எங்கள் பக்கத்துப் போர்ஷன் பையன்களைப்போல ஒடிசாக்காரன். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று அந்தக் குட்டைக் காலைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். வார்டே திரும்பிப் பார்த்தது.

"அண்ணா, பஸ்ஸர் இருந்துச்சு அண்ணா. அடிச்சுச்சு. நான் ஆஃப் பண்ணல. அம்மா சத்தியம் அண்ணா. நீ சொல்லு, ஆபீஸ்ல சொல்லு."

அப்பாவின் முகம் சிவந்தது. "காலு போயி படுத்துகினு கீறேன். என்னாண்ட வந்து பொய் சொல்றியா? போடா" என்று கத்தினார். அவன் அம்மாவைப் பார்த்தான். "அக்கா, நீ சொல்லு அக்கா" என்றான். அம்மாவுக்கு அவனைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மாமா அவனைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவந்தார். அவன் கொண்டுவந்திருந்த பிஸ்கட் பாக்கெட் கட்டிலடியில் கிடந்தது. நான் அதை எடுத்துப் பிரித்தேன். 

அதற்கு இரண்டொரு நாள் கழித்து இன்னொரு சம்பவம் நடந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவருக்கு மெஷின் வைத்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருந்து தீர்ந்தால் அது கூவும். காலையில் டிபன் நேரத்தில் கூவ ஆரம்பித்தது. நர்ஸ் எங்கேயோ போயிருந்தாள். 'கீக் கீக் கீக்' என்று அது அடித்த அடியில் வார்டின் கடைசியில் இருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். யாரோ "அத நிறுத்துங்கம்மா" என்று சத்தம் போட்டார்கள். அந்த மெஷின் அப்பாவின் தலையிலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது. அப்பா இட்லியைச் சட்னியில் தொட்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா தண்ணீர் பாட்டிலோடு நின்றவள் அப்படியே நின்றாள்.

"இன்னாங்க" என்றாள் மெதுவாக. "அது கத்துது பாருங்க."

"எது?" என்றார் அப்பா, சுற்றிலும் பார்த்து.

அம்மா பாட்டிலை வைத்துவிட்டு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். மாமாவுக்குப் போன் செய்து வரச்சொன்னாள். மாமா வந்ததும் சுவரோரமாக நின்று இருவரும் பேசினார்கள். எனக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. "அந்தப் பையன் சொன்னது நெசம்டா" என்றாள் அம்மா. மாமா சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார். "சொல்லாத அக்கா. இப்ப சொன்னியானா எல்லாம் மாமா தலையில வந்து விடியும். காது கேக்காதவன் எப்பிடி லைன்ல நின்னான்னு கேப்பானுங்க. வேலையும் பூடும், வர்ற காசும் பூடும்." அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியவர்கள் எதையோ அப்பாவிடம் மறைக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறந்தநாள் பரிசு மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். அப்பாவுக்கு டிசம்பரில் பிறந்தநாள்.

வீட்டுக்கு வந்து, ஊன்றுகோல் பழகி, கிறிஸ்துமஸும் போன பிறகு, அம்மா அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனாள். காலை அறுத்ததில் காது அடைத்திருக்கும், சும்மா பார்த்துவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். நானும் போனேன். ஒரு சின்ன அறை. ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். அப்பாவுக்கு ஹெட்போன் மாட்டி, சுவரைப் பார்த்து உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள் காதைச் சோதிக்கும் பெண். அவளிடம் ஒரு மெஷின் இருந்தது. நானும் அம்மாவும் பின்னால் பெஞ்சில்.

முதலில் அப்பா பலமுறை கையைத் தூக்கினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் எதையோ திருகினாள். அப்பா கையைத் தூக்கவில்லை. இன்னும் திருகினாள். இன்னும். அப்போது ஹெட்போனிலிருந்து மெல்லிய 'கீ' ஒன்று கசிந்து எனக்குக் கேட்டது. அப்பாவின் கை எழவில்லை. இன்னும் திருகினாள். இப்போது நன்றாகவே கேட்டது. அப்பா கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, சொன்னால் செய்யத் தயாராக, நல்ல மாணவன்போல உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் பதில் தெரியாத அப்பாவைக் காப்பாற்ற வேண்டும்போல் இருந்தது எனக்கு. நான் கையைத் தூக்கினேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கையைக் கீழே போடு என்று கண்ணால் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். தாழ்ந்த சத்தமெல்லாம் இருக்கிறது, மேலே போகப்போகக் கோடு கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. எத்தனை வருடமாகப் பிரஸ் ஷாப் என்று கேட்டார். சத்தம் புகாமல் காதில் வைக்க அடைப்பான் கொடுப்பார்களே, வைக்கவில்லையா என்றார். வியர்வையில் அரிக்கும், வைத்தால் மெஷின் சத்தம் மாறுவது தெரியாது, அதனால் எடுத்துவிடுவோம் என்றார் அப்பா. போன காது எப்போது திரும்பும் என்று கேட்டார். திரும்பாது என்றார் டாக்டர்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒரகடம் தாண்டியதும் திடீரென்று அம்மா பக்கம் திரும்பினார். பஸ்ஸே கேட்கும்படிதான் பேசினார், வேறு விதமாகப் பேச அவருக்குத் தெரியாது.

"அப்ப அவன் பஸ்ஸர் அடிச்சிருக்கான்."

அம்மா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ஆஸ்பத்திரிலயே."

 இறங்கும் இடத்தில் அம்மா கைகொடுத்தாள். அவர் பிடிக்காமல், கம்பியைப் பிடித்துத் தாமாகவே இறங்கப் பார்த்து, மண்ணில் விழுந்தார். ஊர்க்காரர்கள் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் மாமாவை அனுப்பி அந்தப் பையனைத் தேடச் சொன்னார். சுங்குவார்சத்திரத்தில் அவன் தங்கியிருந்த அறையில் வேறு பையன்கள் இருந்தார்கள். கான்ட்ராக்டர் அவனை விபத்து நடந்த வாரமே நிறுத்திவிட்டதாகவும், ரயிலேறிப் போய்விட்டதாகவும், பழைய நம்பர் இப்போது போவதில்லை என்றும் சொன்னார்களாம். அப்பா ஊன்றுகோலோடு கம்பெனிக்கே போனார். சேஃப்டி ஆபீசரைப் பார்த்து, பஸ்ஸர் அடித்திருக்கும், எனக்குத்தான் கேட்கவில்லை என்று சொன்னார். அம்மாவும் மாமாவும் எவ்வளவோ தடுத்தார்கள். அந்த ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டார். மாமா சொன்னபடியே எல்லாம் நடந்தது. மெஷினில் நிற்கவிட முடியாது என்று ஸ்கிராப் யார்டு கேட்டில் உட்காரவைத்தார்கள். அடுத்த வருடம் அதுவும் இல்லாமல் போனது. அந்தப் பையனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் ஆராதனைக்குப் போய்வந்தபோது அப்பா பெட்டிகளின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். மேலே மடித்து வைத்த துணிகள் கட்டிலுக்குப் போயிருந்தன. ட்வீட்டர்களை எல்லாம் கழற்றி, ஓட்டைகளைப் பலகைத் துண்டு வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பாட்டைப் போட்டார். மொத்தமும் ஊஃபரில் மட்டும் வந்தது. மெத்தென்று, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல, காதில் எதுவும் குத்தாமல். அத்தனை மாதத்தில் முதல்முறையாக எனக்கு அந்த ஸ்பீக்கர் பிடித்திருந்தது. கடைசியில் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டார் என்று கைதட்டினேன். "இப்பதாம்பா சூப்பரா கீது!" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனுக்கு ரெண்டும் ஒண்ணாதான் கீது" என்றார். அம்மா உடைமாற்றப் போனவள் திரும்பி வர வெகுநேரமாயிற்று.

அந்தக் கோடை விடுமுறையில்தான் அப்பா என்னோடு மிகவும் நெருக்கமானார். கேட் வேலையிலிருந்து சாயங்காலம் வந்ததும் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துக்கொள்வார். டிவியை நிறுத்திவிடுவார். நான் என்ன பேசினாலும், தோழியோடு போட்ட சண்டையோ, வல்லக்கோட்டைப் பக்கம் பார்த்த மயிலோ, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார். இருட்ட ஆரம்பித்தால் எழுந்து லைட்டைப் போட்டுவிட்டு வந்து, "ம், சொல்லு" என்பார். அதுவரை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோகிறவராக இருந்தார். என் உதடுகளை வைத்துத்தான் அவர் வார்த்தைகளைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் பெரியவளாகிவிட்டேன், அதனால் மதிக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் அப்பா மாதிரி யாருடைய அப்பாவும் இப்படிக் கேட்க மாட்டார் என்று தோழிகளிடம் சொல்லித் திரிந்தேன்.

அப்போது எனக்கு முன்பற்களில் ஒன்று இன்னொன்றின்மேல் ஏறிக்கொண்டு முளைத்திருந்தது. பள்ளியில் கேலி செய்வார்கள். அதனால் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் யாரிடமும் பேசுவேன். அப்பாவிடம் அப்படிப் பேசினால், அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, கையை மெல்லக் கீழே இறக்கி மடியில் வைப்பார். வைத்துவிட்டு மறுபடியும் என் வாயையே பார்ப்பார். ஒவ்வொரு நாளும் அப்படிச் செய்தார். அந்தப் பல் அவருக்கு அழகாகத் தெரிகிறது என்று நான் நம்பினேன். விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனபோது, எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து சிரித்தேன்.